பிள்ளைகள் சுமந்த செய்தி
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவிஞர்களும் ஆய்வாளர்களும் உரையாற்றிச் சென்ற இம்மேடையில் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருத்திக்கு என்ன வேலை என்று நீங்கள் எண்ணக்கூடும். நானும் அவ்வாறே எண்ணித் தயங்கினேன். ‘உங்கள் பள்ளியைப் பற்றிப் பேசுங்கள், அது போதும்’ என்று செயலாளர் அவர்கள் வற்புறுத்தினார். ஆகவே, பள்ளிக்கூடத்திற்கும் வீட்டிற்கும் இடையே செய்திகள் எவ்வாறு போய் வருகின்றன என்பதைப் பற்றி, நான் கண்டதையும் தவறியதையும் உங்கள் முன் வைக்கிறேன்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலுக்கும் தேரி மணலுக்கும் நடுவில் அமைந்த ஓர் ஊரில், அரசு உதவி பெறும் ஆர்.சி. தொடக்கப்பள்ளி ஒன்றில் 1982ஆம் ஆண்டு ஜூன் மாதம் பணியில் சேர்ந்தேன். 2017இல் ஓய்வு பெற்றேன். கோயிலின் நிழல் காலையில் எங்கள் முற்றத்தில் விழும். பங்குத்தந்தையே பள்ளியின் தாளாளர். காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்தும் செபமும் ஒரு குறளும் உண்டு. நண்பகல் 12 மணிக்குக் கோயில் மணி ஒலித்ததும், கரும்பலகையில் பாதிக் கணக்கு நிற்கும்போதே பிள்ளைகள் எழுந்து மூவேளைச் செபம் சொல்வார்கள். செபம் அறியாத பிள்ளைகள் கைகட்டி அமைதியாக நிற்பார்கள். பிறகு தட்டுகளின் ஓசை எழும். நான் சேர்ந்த மறுமாதம், ஜூலை 1ஆம் நாள், எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. அதனால் என் பணிக்காலமும் அந்தத் தட்டுகளின் ஓசையும் ஒரே வயதுடையவை.

அந்தக் கடற்கரையில் பள்ளிக்கும் வீட்டுக்கும் பிள்ளையே தூதாக நின்ற வரலாறு மிகப் பழையது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், கையில் மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். அன்றன்று கற்றதை வீட்டிலுள்ளோர்க்கும் அண்டை அயலார்க்கும் சொல்லித் தருமாறு அச்சிறுவர்களை வேண்டிக்கொண்டதாக 1544இல் அவர் எழுதிய கடிதம் கூறுகிறது. அவருக்குப் பின் அக்கரையில் தொண்டாற்றிய அன்றிக்கே அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. பதினாறு பக்கங்களே கொண்ட அந்தச் சிறு நூல், தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் வரிசையில் நிற்பதை இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் நூல் அச்சானதனால் வீடுதோறும் வாசிக்கத் தெரிந்தவர்கள் தோன்றிவிடவில்லை. நானூறு ஆண்டுகள் கழித்து நான் அங்கே போய்ச் சேர்ந்தபோதும், பல வீடுகளில் எழுத்தறிந்த ஒரே ஆள் என் வகுப்பில் படித்த பிள்ளைதான்.

எங்கள் பள்ளிக்கு இரு திசைகளிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். கடலோரத்துப் பிள்ளைகளின் தந்தையர் இருள் பிரியுமுன் கடலுக்குப் போவார்கள். தாய்மார் கரையில் ஏலத்திற்கும் மீன் விற்கவும் போவார்கள். தேரிப்பக்கத்துப் பிள்ளைகள் பனையேறும் குடும்பத்தினர்; பெரும்பாலும் இந்துக்கள். மாசி பிறந்தால் அக்குடும்பங்கள் பனங்காட்டில் விடிலி போட்டுக் குடியேறிவிடும். பதனீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுத்து முடிய ஆடியாகிவிடும். அத்தனை மாதமும் வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயர்களுக்கு நேரே வரிசையாகச் சுழியங்கள் நிற்கும்.

பெற்றோர் கூட்டத்தைப் புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டினோம். நாற்காலிகள் மட்டுமே வந்திருந்தன. ஞாயிறன்று எங்கள் கடற்கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை என்பதால், ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டம் என்று கோயிலில் அறிவிக்கச் செய்தோம். கூட்டம் நிரம்பியது. வெற்றி என்று மகிழ்ந்தோம். மூன்று கூட்டங்கள் முடிந்த பின்னரே, அங்கே தேரிப்பக்கத்து முகம் ஒன்றுகூட இல்லை என்பதை எங்கள் தலைமையாசிரியையான சிஸ்டர் கவனித்துச் சொன்னார். பூசைக்கு வராதவர் காதில் பூசை அறிவிப்பு எப்படி விழும்? எங்கள் குரல் எட்டிய இடத்தையே ஊர் முழுதும் என்று நாங்கள் எண்ணியிருந்தோம்.

தேரிப்பக்கத்து வீடுகளுக்கு நாங்கள் கண்ட வழி கடிதம். பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்புவோம். மறுநாள் பெற்றோரின் கைநாட்டோடு திரும்பி வரும். பணியில் சேர்ந்த நான்காம் ஆண்டு, பங்குனி மாதத்தில், நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் வீட்டிற்கு அப்படியொரு கடிதம் எழுதினேன். ‘உங்கள் மகள் இம்மாதம் பதினொரு நாள் பள்ளிக்கு வரவில்லை. பாடங்களில் பின்தங்கியுள்ளாள். உடனே வந்து என்னைச் சந்திக்கவும்.’ என் வகுப்பில் எழுத்துக் கூட்டாமல், ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கக்கூடியவள் அவள்தான்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய தாய் வந்தார். பிள்ளைகள் உண்டுகொண்டிருந்த நேரம். சத்துணவுப் பணியாளர்களும் வேறு சில தாய்மாரும் திண்ணையில் இருந்தார்கள். அந்தத் தாயின் கையில் ஓலைப்பெட்டி. அதில் புதுக் கருப்பட்டி. ‘எம் புள்ளய நீங்க மெச்சி எழுதியிருக்கியளாமே டீச்சர். வகுப்புலயே அவதான் நல்லா வாசிக்கான்னு எழுதியிருக்கியளாம். இவுக அப்பாவும் கேட்டுட்டு ரொம்ப சந்தோசப்பட்டாவ’ என்றார். சிறுமி தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்தவாறு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது எனக்கு வயது இருபத்தேழு. பொய்யைத் திருத்துவது ஆசிரியையின் கடமை என்று நம்பிய வயது. அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, அத்தனை பேர் நடுவிலும் உள்ளது உள்ளபடியே வாசித்துக் காட்டினேன். தாய் ஒன்றும் பேசவில்லை. பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை.

ஆடி கழிந்து அவள் மீண்டும் அதே வகுப்பில் வந்து அமர்ந்தாள். எழுதச் சொன்னால் எழுதினாள், கணக்குப் போட்டாள். ஆனால் பாடப்புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னபோது மட்டும் எழுந்து நின்று பேசாதிருந்தாள். ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும்வரை, என் முன் அவள் வாய்விட்டு வாசித்ததே இல்லை.

அவையோரே, அந்தச் சிறுமி செய்தது என்ன என்று நான் பல ஆண்டுகள் எண்ணிப் பார்த்திருக்கிறேன். அவள் பொய் சொன்னாள் என்பது உண்மை. ஆயினும் வெற்றுப் பொய்யாக அது இருந்திருந்தால் பெற்றோர் இருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஒரு டீச்சர் எப்படி எழுதுவார், எந்தச் சொல்லைப் போடுவார் என்றெல்லாம் எண்ணி, என் நடையிலேயே ஒரு கடிதத்தை அவள் அந்த விடிலி வாசலில் இயற்றியிருக்கிறாள். நான் எழுதியிருக்க வேண்டிய கடிதம் அது. அவள் நன்றாக வாசித்தாள் என்பது மெய்; அதை நான் ஒருநாளும் அவள் வீட்டுக்குச் சொல்லி அனுப்பியதில்லை. அவள் ஏன் வரவில்லை என்றும் நான் கேட்டிருக்கவில்லை. தாய் அடுப்படியில் பதனீர் காய்ச்சும் நேரத்தில், நடை பழகும் தம்பி நெருப்பண்டை போகாமல் காப்பது அவள் வேலை என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

அதன் பிறகு நானும் சிஸ்டரும் சில வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டோம். கல்வியாண்டில் ஒரு வீட்டிற்குப் போகும் முதற்செய்தி நற்செய்தியாக இருக்க வேண்டும். குறை சொல்ல நேர்ந்தால் கடிதம் கூடாது. நாங்களே போய்ப் பேச வேண்டும். பிள்ளையையும் உடன் வைத்துக்கொள்ள வேண்டும். சந்தை நாளில் கருப்பட்டி விற்க வரும் தாய்மாரை அங்கேயே சந்தித்துப் பேசத் தொடங்கினோம். பதிவேட்டின் சுழியங்கள் ஒரே ஆண்டில் மறைந்துவிடவில்லை, மெல்லக் குறைந்தன. தாய்மார்கள் தாமாகவே பள்ளி வாசலுக்கு வந்து, ‘நாளைக்குப் புள்ள வரமாட்டா டீச்சர்’ என்று காரணத்தோடு சொல்லிப் போகத் தொடங்கினார்கள். அதையே பெரும் மாற்றமாகக் கருதினேன்.

இன்று காலம் மாறிவிட்டது. 2024ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் முதல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதிகளிலுள்ள அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. விடியுமுன் கரைக்கு ஓடும் தாய்மாருக்கு அது எத்துணை ஆறுதல் என்பதை நான் அறிவேன். வீடுதோறும் கைப்பேசி வந்துவிட்டது. வகுப்பிற்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. வாசிக்கத் தெரியாத பாட்டிக்குங்கூடக் குரற்பதிவாகச் செய்தி அனுப்பிவிடலாம். பூசை அறிவிப்பு எட்டாத தேரிக்கும் அது நொடியில் எட்டிவிடுகிறது. இவற்றைக் கண்டு மகிழ்கிறேன்.

ஆனால் இளம் ஆசிரியை ஒருவர் அண்மையில் தம் வகுப்புக் குழுவை எனக்குக் காட்டினார். ‘இவன் வீட்டுப்பாடம் எழுதவில்லை’, ‘இவள் மூன்று நாளாக வரவில்லை’ என்று பெயரோடு செய்திகள். நாற்பது வீடுகளும் அவற்றைப் பார்க்கின்றன. அன்று திண்ணையில் நான் பத்துப் பேர் நடுவே வாசித்த கடிதம் என் நினைவுக்கு வந்தது. கருவி புதியது, தவறு என்னுடைய பழைய தவறே. அந்த ஆசிரியையிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு அந்தச் செய்திகளை ஒவ்வொன்றாக நீக்கினார்.

இலக்கியம் பயிலும் நீங்கள், ஒரு சொல் யாரிடம், எவர் முன்னிலையில் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறும் என்பதை நன்கறிந்தவர்கள். பள்ளிக்கூடங்கள் அதை இன்னும் கற்றுக்கொண்டிருக்கின்றன. உங்களுள் பெற்றோர் பலர் உண்டு, ஆசிரியர்களும் உண்டு. உங்கள் பிள்ளையின் பள்ளிக்கு நீங்கள் அனுப்பும் அடுத்த செய்தியையும், உங்கள் மாணவரின் வீட்டிற்கு நீங்கள் அனுப்பும் அடுத்த செய்தியையும், அந்தப் பிள்ளையே உரக்க வாசிக்கப் போவதாக எண்ணி எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ஓலைப்பெட்டி இன்னும் என் வீட்டில் இருக்கிறது. உரியவரிடம் சேர்க்க எனக்கு வழி தெரியவில்லை.