அனாமத்தும் அமானிதமும்

(ஜமாஅத் வணிகர்கள் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

புகழனைத்தும் வல்ல இறைவனுக்கே உரியன. அவன் தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்பதை நாம் அறிவோம். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே அது. அது கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றிப் பேசுகின்றது. தவணை குறித்த கடனை எழுதுக, எழுதுபவர் நீதியுடன் எழுதுக, தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பற்க என்பது அதன் கருத்து. ஆகவே கணக்கெழுதுதல் நமக்குத் தீனின் கடமைகளோடு சேர்ந்தது.

அக்கணக்கு எழுதும் முறை அண்மை ஆண்டுகளில் அடியோடு மாறிவிட்டது. 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. முறை அறிமுகமாயிற்று. அவ்வாண்டு நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதென அறிவிக்கப்பட்டன. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தது. ஒன்றேகால் ஆண்டுக்குள் பணம் வரும் வழியும் பில் எழுதும் வழியும் மாறின. ஆயினும் இரண்டும் தனித்தனி வாசல் வழியே நம் கடைக்குள் நுழைந்தன. பணம் கைபேசிக்கு வருகின்றது. பில் கணினியில் இருக்கின்றது. இரண்டையும் இணைக்கும் பாலத்தைப் பலர் இன்னும் கட்டவில்லை.

சிவகாசியின் காலண்டர் தொழிலை எடுத்துக்கொள்வோம். ஆடிப் பதினெட்டை ஒட்டிப் புதிய ஆண்டிற்கான மாதிரி ஆல்பங்கள் வெளியாகின்றன. அன்று தொடங்கி ஊர் ஊராக ஆர்டர்களும் முன்பணமும் வருகின்றன. ஒரு துணிக்கடைக்கு 18,450 ரூபாய்க்குப் பில் போடுகிறோம் எனக் கொள்வோம். கடைக்காரர் 10,000 ரூபாயைத் தம் எண்ணிலிருந்தும், மீதியைத் தம் மகனின் எண்ணிலிருந்தும் அனுப்புகிறார். வங்கிக் கணக்கு விவரத்தில் ஒரு பெயரும் 12 இலக்க எண்ணும் மட்டுமே தெரிகின்றன. மகன் பெயர் நம் பேரேட்டில் இல்லை. கணக்குப்பிள்ளை என்ன செய்வார்? அத்தொகையை அனாமத்துக் கணக்கில் எழுதி வைப்பார்.

சகோதரர்களே, ‘அனாமத்து’ என்னும் இச்சொல், நாம் போற்றும் ‘அமானத்’ என்னும் சொல்லிலிருந்து பிறந்ததே. ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள் என்பது அதன் கருத்து. இன்று பேரேட்டில் அது யாருடையதெனத் தெரியாத பணத்திற்குப் பெயராகிவிட்டது.

இதனால் விளையும் தீங்குகள் மூன்று. முதலாவது, பணம் செலுத்தியவரிடமே மீண்டும் பாக்கி கேட்கிறோம். அவருடைய கண்ணியம் புண்படுகின்றது. இரண்டாவது, பணம் அனுப்பியதாகப் போலிப் படத்தைக் கைபேசியில் காட்டிச் சரக்கை எடுத்துச் செல்வோர் தப்பிவிடுகின்றனர். மூன்றாவது, ரமளானில் ஜகாத் கணக்கிட அமரும்போது கைக்கு வரவேண்டிய பாக்கி எவ்வளவு என்பது நமக்கே விளங்குவதில்லை. நிலுவை தவறானால் ஜகாத்தும் தவறும். அங்கே குறைவது ஏழையின் ஹக்.

இதற்குத் தீர்வு பில்லையும் வரவையும் இணைப்பதாகும். கடையில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். அட்டை எல்லோருக்கும் பொதுவானது. தொகையும் பில் எண்ணும் அதில் இல்லை. ஆனால் ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனி க்யூ.ஆர். குறியீட்டை மென்பொருள் வழியே உருவாக்கலாம். அதற்குள் தொகையும் பில் எண்ணும் அடங்கியிருக்கும். வாங்குபவர் தொகையைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. யாருடைய கைபேசியிலிருந்து செலுத்தினாலும் பில் எண் உடன் வரும். பணம் வந்ததும் கட்டணச் சேவை நிறுவனம் அச்செய்தியை மென்பொருளுக்கு அனுப்ப, அந்தப் பில் தானாகவே தீர்ந்ததாகப் பதிவாகும்படி அமைக்கலாம். நம் வட்டாரத்தில் பெரிதும் புழங்கும் டேலியிலும் கட்டண இணைப்பைப் பில்லுடன் சேர்த்து அனுப்பும் வசதி வந்துவிட்டது. கணக்கு மென்பொருள் விற்பவரிடம் கேட்டு இதனை அமைத்துக்கொள்ளலாம்.

விருதுநகரில் பருப்பும் வற்றலும் எண்ணெயும் மொத்தமாக விற்போருக்கு யு.பி.ஐ. போதாது. அதில் பொதுவான பரிமாற்றத்திற்கு ஒரு லட்சம் ரூபாயளவில் வரம்பு உண்டு. அவர்கள் வங்கியிடம் கேட்டு ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனி மெய்நிகர் கணக்கு எண் பெறலாம். பணம் அனைத்தும் நம் ஒரே கணக்கில்தான் சேரும். எந்த எண்ணுக்கு வந்தது என்பதைக் கொண்டு அனுப்பியவரை அறியலாம். என்.இ.எப்.டி. 2019 டிசம்பர் முதலும், ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பர் முதலும் இரவு பகல் எந்நேரமும் இயங்குகின்றன.

சில எச்சரிக்கைகளும் தேவை. கட்டணச் சேவை நிறுவனம் தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டே நமக்குப் பணம் அனுப்பும். 10,000 ரூபாய் பில்லுக்குக் கட்டணம் 2 சதவீதம் எனக் கொண்டால், கட்டணம் 200, அதன்மீது ஜி.எஸ்.டி. 36, ஆக 9,764 ரூபாய்தான் வங்கிக்கு வரும். வாடிக்கையாளர் பேரேட்டில் 10,000 முழுவதையும் வரவு வைக்க வேண்டும். 236ஐ அவர்மீது பாக்கியாக நிறுத்துதல் அநீதியாகும்.

இந்நிறுவனங்கள் கடன் தவணை, பிறகு செலுத்துதல் போன்ற வசதிகளையும் சேர்த்தே தருகின்றன. அவற்றுள் வட்டி கலந்திருக்கக்கூடும். தொடக்கத்திலேயே அவற்றை நிறுத்தி வைக்கச் சொல்லலாம். ஐயமுள்ளவற்றை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக.

பட்டாசுத் தொழிலில் உள்ளோர் மற்றொன்றையும் நினைவில் கொள்க. இணையத்தில் ஆர்டர் பெற்றுப் பட்டாசு விற்பதை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தடை செய்தது. ஆகவே இணையக் கடை திறந்து கட்டண இணைப்பை அதில் பொருத்துதல் ஆகாது. தீபாவளிக் காலத்தில் சிவகாசியின் பெயரைச் சொல்லிப் போலி இணையதளங்கள் மக்களிடம் பணம் பறிக்கின்றன. அவ்வாறு ஏமாந்தோர் தாமதமின்றி 1930 என்னும் எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

இறுதியாக, இது கடைக்கு மட்டும் உரியதன்று. பள்ளிவாசல் சந்தா, ஜகாத், ஸதகா, கட்டட நிதி யாவும் இன்று கைபேசி வழியே வருகின்றன. எல்லாம் ஒரே க்யூ.ஆர். அட்டையில் விழுந்தால் எது ஜகாத், எது சந்தா எனப் பிரிப்பது எவ்வாறு? ஜகாத்திற்கு உரியோர் வரையறுக்கப்பட்டவர்கள். அதனைப் பிற செலவில் கலக்க நமக்கு உரிமையில்லை. ஒவ்வொரு நிதிக்கும் தனிக் குறியீடும், செலுத்தியவருக்கு உடனடி ரசீதும் இருந்தால் நிர்வாகிகளின் சுமையும் குறையும். ஆண்டறிக்கை வாசிக்கும் நாளில் ஐயப்பாடும் எழாது.

கருவி எதுவாயினும் எழுதும் கரம் நேர்மையானதாக இருக்க வேண்டும். மென்பொருள் தானே பதிவு செய்தாலும், வாரம் ஒருமுறை வங்கி விவரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நம் பொறுப்பு. அடுத்த ரமளான் வருவதற்குள் நம் ஒவ்வொருவர் பேரேட்டிலும் அனாமத்துக் கணக்கு வெறுமையாகட்டும். யார் பணம் எது என்பது தெளியட்டும். மறுமையின் கேள்விக் கணக்கை எளிதாக்கிக் கொள்ளும் நற்பேற்றை எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.