கைகளுக்கும் கவசம் வேண்டும்



பால்வெட்டுத் தொழிலுக்கு மூலதனம் எது எனக் கேட்டால், மரம் என்பார் சிலர். கத்தி என்பார் சிலர். மரம் தோட்டத்துக்கு உரியது. கத்தி தேய்ந்து போனால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். பட்டையை மெல்லியதாகச் சீவி, சரிவு பிசகாமல், உள்ளே இருக்கும் தண்டைக் காயப்படுத்தாமல் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் கோடிழுக்கிறதே ஒரு மணிக்கட்டு, அதுவே நமது உண்மையான மூலதனம். அந்த மணிக்கட்டையும் அதைச் சேர்ந்த விரல்களையும் மோட்டார்சைக்கிளின் மீது நாம் எவ்வாறு கொண்டு செல்கிறோம் என்பது பற்றியே இன்று பேசப் போகிறோம்.

முன்னாளில் லயத்திலிருந்து பிரட்டுக்களத்துக்கும், அங்கிருந்து நிரைக்கும் நடந்தே சென்றவர்கள் நாம். காண்டாக் கம்பில் வாளிகளைத் தொங்கவிட்டுக் கொட்டகைக்குப் பால் சுமந்த தோள்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றன. காலம் மாறிவிட்டது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. பல தோட்டங்களில் ரப்பர் மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. லயத்தை விட்டுப் பட்டணத்து ஓரத்துத் தாமான்களில் குடியேறியவர்கள், விடியுமுன் இருட்டில், கப்சாய் எனப்படும் சிறிய மோட்டார்சைக்கிளில் வேலைக்கு வருகின்றனர். தோட்டத்துக்குள்ளேயே வசிப்பவருக்கும் மலைக்காட்டு நிரைக்குச் செல்லவும், பால் கொண்டுவரவும், பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் விடவும் அதுவே வாகனம். தார்ச் சாலையில் தொடங்கும் பயணம் செம்மண் சடக்கில் முடிகிறது. பனி படர்ந்த சரளைக்கல், மழைக்குப் பின் சேறு, லோரிச் சக்கரம் பதித்த பள்ளம், இருபுறமும் தொங்கும் பால் டின்களின் கனம் ஆகியவற்றினிடையே முன்சக்கரம் ஒரு கணம் வழுக்கினால் என்ன நேரும்?

கை முன்னே செல்லும். யாரும் அதற்குக் கட்டளையிடுவதில்லை. விழப் போகிறோம் என உடம்பு உணர்ந்த அக்கணமே உள்ளங்கை விரிந்து தரையை நோக்கி நீளும். முகத்தைக் காக்க இயற்கை நமக்குத் தந்துள்ள வழி அது. ஆனால் இயற்கை நடைவேகத்தைக் கணக்கிட்டுத்தான் அதைத் தந்தது போலும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது பெரிய வேகமாக நமக்குத் தோன்றுவதில்லை. அவ்வேகத்தில் வாகனம் ஒரு வினாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் தூரம் கடக்கிறது. வெறும் உள்ளங்கை தாரின் மீதோ சரளையின் மீதோ சில மீட்டர் உராய்ந்தாலும் தோல் நிற்காது. உள்ளங்கைத் தோல் உரிந்தவன் கத்தி பிடிப்பது எங்ஙனம்? சோறு பிசைவதும் சட்டைப் பொத்தான் மாட்டுவதும்கூடப் பிறர் உதவியை நாடும் காரியங்களாகிவிடும்.

அதைவிட மோசமானதொரு காயம் உண்டு. அது வெளியே தெரியாது. மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் இருக்கின்றன. அவற்றுள் பெருவிரல் பக்கம், படகு வடிவில் அமைந்தது ஒன்று; மருத்துவர் அதனை ஸ்காஃபாய்டு என்பர். நீட்டிய கையின் மீது விழுபவருக்கு முறியும் மணிக்கட்டு எலும்புகளில் பெரும்பாலும் இதுவே அகப்படுகிறது. இவ்வெலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல்நுனிப் பக்கத்து முனையிலிருந்தே வருகிறது. ஆகையால் நடுவில் முறிந்தால், மறுபாதி இரத்தமின்றித் தவிக்க நேரிடலாம். முறிவு கூடாமலே போவதும் உண்டு. விழுந்த அன்று எடுத்த எக்ஸ்ரே படத்தில் முறிவு தெரியாமல் இருந்து, இரண்டு வாரம் கழித்து எடுத்த படத்தில் தெரிவதும் உண்டு. பெருவிரலை விரித்து உயர்த்தினால் அதன் அடியில், மணிக்கட்டோரம், ஒரு சிறு குழி விழுகிறதல்லவா? விழுந்தபின் அக்குழியை அழுத்தினால் வலிக்குமாயின், ‘சுளுக்குத்தான், தைலம் தடவினால் போய்விடும்’ என்று இருந்துவிடலாகாது. மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். மாவுக்கட்டுப் போட்டால் பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு வாரம். அத்தனை வாரமும் கத்தி தொடக்கூடாது.

வீட்டுக்கும் வேலைக்கும் இடையே செல்லும் வழியில் நேரும் விபத்து, 1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், சொக்சோவின் வேலை விபத்துப் பாதுகாப்பில் அடங்கும். மருத்துவ விடுப்பு நான்கு நாளுக்குக் குறையாமல் இருப்பின் சராசரி நாட்கூலியில் 80 விழுக்காடு உதவித்தொகை உண்டு. 2019ஆம் ஆண்டு முதல் அயல்நாட்டுத் தொழிலாளருக்கும் இப்பாதுகாப்பு விரிந்துள்ளது. இதை அறியாமல் சொந்தச் செலவில் வைத்தியம் பார்த்துக்கொண்டு மௌனமாக இருந்துவிடுவோர் இருக்கக்கூடாது என்பதற்காகவே இங்கே கூறுகிறோம். பணம் வரும், கூடாத எலும்பைப் பணம் கூட்டாது.

தலைக்கவசத்தை 1973ஆம் ஆண்டு முதல் சட்டம் கட்டாயமாக்கியது. பகலிலும் விளக்கெரிய மோட்டார்சைக்கிள் ஓட்ட வேண்டும் என்பது 1992இல் வந்தது. கையுறையைச் சட்டம் நம் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. விருப்பத்துக்கு விடப்பட்ட காரியங்களில் நம்மவர் காட்டும் அலட்சியம் நாம் அறியாததன்று.

கையுறை என்றதும் மருத்துவமனையில் தாதியர் அணியும் மெல்லிய ரப்பர் உறை நினைவுக்கு வரக்கூடும். அத்தகைய உறைகளை உலகுக்குச் செய்து அனுப்புவதில் முன்னணியில் நிற்பது மலேசியா. நாம் வெட்டிய பாலுக்கும் அப்பெருமையில் பங்குண்டு. ஆயினும் சாலையில் அவ்வுறை காகிதத்துக்குச் சமம். வெள்ளை நூலில் பின்னி, உள்ளங்கையில் ரப்பர்ப் புள்ளிகள் வைத்த மலிவான உறையும் அப்படியே. பெட்டி தூக்க அது நல்ல உறை. தாரில் உராயும்போது நூல் அறுந்து விலகிவிடும். ஈரமானால் கைப்பிடியில் வழுக்கவும் செய்யும். விரல்நுனி இல்லாத அரை உறையைக் காற்றோட்டத்துக்காக இளைஞர் விரும்புகின்றனர். விழும்போது தரை தொடும் விரல்நுனியைத் திறந்துவிட்ட உறையால் யாருக்கு என்ன பயன் என்று நமக்கு விளங்கவில்லை.

இன்னொன்றைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். பால் உறைய வைக்கும் அமிலத்தையோ களைக்கொல்லி மருந்தையோ கையாண்ட உறையை மோட்டார்சைக்கிளுக்குப் பயன்படுத்தலாகாது. மோட்டார்சைக்கிள் தோலுறையை அணிந்துகொண்டு மருந்தடிக்கவும் கூடாது. தோல் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எத்தனை முறை கழுவினாலும் முழுதும் போகாது. பிறகு ஒவ்வொரு நாளும் வியர்வையோடு சேர்ந்து கையில் கசியும். பாரகுவாட் எனும் களைக்கொல்லி 2020ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. மற்ற மருந்துகளும் பாலும் தேனும் அல்ல. மருந்து பட்ட தோலுறையைத் தூர எறிவதே முறை.

சரி, எத்தகைய உறையை வாங்குவது?

தோலே சிறந்தது. மாட்டுத் தோல் தடித்தது, நீடித்து உழைப்பது. வெள்ளாட்டுத் தோல் மெல்லியதாயினும் உறுதியானது. விரலுக்கு உணர்ச்சி மங்காது. நம் சிறிய மோட்டார்சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்கு இடக்கையில் கிளட்ச் பிடி இல்லை. வலக்கை ஒன்றே வேகத்தையும் முறுக்குகிறது, முன்பிரேக்கையும் இழுக்கிறது. ஆகவே வலக்கை விரல்கள் தடித்த உறைக்குள் தடுமாறலாகாது. வெயில் நாட்டில் வாழ்பவருக்கு விரல்களின் மேற்புறத்தில் சிறு துளையிட்ட உறை ஏற்றது. உள்ளங்கைப் பக்கம் துளை வேண்டாம்.

கடையில் உறையைத் திருப்பி உள்ளங்கையைப் பாருங்கள். முதுகுப்புறத்தில் பளபளப்பான முட்டிக் கவசமும் வண்ணப் பட்டையும் வைத்து வாங்குபவரை மயக்குவது வணிகரின் வழக்கம். முட்டிக் கவசம் வேண்டியதுதான். ஆனால் விலை பெறுமா என்பதை உள்ளங்கையே சொல்லும். அங்கே இரண்டாவது அடுக்குத் தோல் வைத்துத் தைத்திருக்கிறதா? உள்ளங்கையின் அடிப்பகுதியில், மணிக்கட்டுக்கு அருகே, கெட்டியான வழுவழுப்பான துண்டு ஒன்று இருந்தால் மிக நன்று. தரையைப் பற்றிக்கொண்டு நிற்காமல் கை வழுக்கிச் செல்ல அது உதவும். கை திடீரென நின்று உடம்பின் கனம் முழுவதும் மணிக்கட்டில் இறங்குவதால்தான் சற்று முன்னர் கூறிய படகெலும்பு முறிகிறது. தையல் இரட்டையாக இருக்கட்டும். இரு பெருவிரலால் தையலின் இருபுறமும் இழுத்தால் நூலிடையே வெளிச்சம் தெரியுமானால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஐரோப்பியத் தர அளவைப்படி சோதிக்கப்பட்ட உறையின் உட்புறச் சீட்டில் மோட்டார்சைக்கிள் ஓட்டுபவரின் சிறு படமும், 13594 என்ற எண்ணும், ஒன்று அல்லது இரண்டு எனத் தரமும் அச்சிட்டிருக்கும். கே, பி என்ற இரு ஆங்கில எழுத்துகள் இருப்பின் விரல் முட்டிக் காப்பும் சோதனையில் தேறியது எனப் பொருள். அச்சீட்டு உள்ள உறை சற்று விலை கூடுதலாகவே இருக்கும். அது கிடைக்காவிடினும், மேலே கூறியவாறு பார்த்து வாங்கிய சாதாரணத் தோலுறை வெறுங்கையைவிடப் பன்மடங்கு மேல்.

அளவு தவறினால் எல்லாம் வீண். தையற்காரர் நாடாவால், பெருவிரலை விட்டுவிட்டு, விரல் முட்டிகளின் மேலாக உள்ளங்கையைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். எட்டு அங்குலம் எனில் பெரும்பாலும் எட்டாம் எண் உறை பொருந்தும். பின்னர் அணிந்து பார்த்தே வாங்க வேண்டும். கையை மூடி, மோட்டார்சைக்கிள் கைப்பிடியைப் பிடிப்பது போலப் பிடியுங்கள். விரல்நுனி முட்டக்கூடாது, நுனியில் வெற்றுத்தோல் தொங்கவும் கூடாது. உள்ளங்கையில் மடிப்பு விழுந்தால் அரைமணி ஓட்டத்தில் அங்கே கொப்புளம் வரும். கடைசியாக, மணிக்கட்டுப் பட்டையை இறுக்கிவிட்டு, மறுகையால் விரல்நுனிகளைப் பிடித்து உறையை உருவிப் பாருங்கள். கழன்று வந்தால் அது எவ்வளவு உயர்ந்த தோலாயினும் வேண்டாம். விழும்போது உங்களுக்கு முன்னே உறை சாலையோரம் போய்ச் சேரும். மணிக்கட்டுப் பட்டை இல்லாத உறைக்கும் இதுவே தீர்ப்பு.

தாய்மார்களுக்கு ஒரு சொல். பின்னால் அமர்ந்து செல்பவரின் கையும் தரையைத் தேடியே நீளும். கணவரின் பழைய உறையை மாட்டிக்கொள்வது சிக்கனம் எனத் தோன்றலாம். பெரிய உறை கழன்றுவிடும் என்று இப்போதுதான் கூறினோம். சிறிய அளவைக் கேட்டு வாங்குங்கள்.

இனி, வாங்கியதைப் பேணுவது. தோலுறைக்கு நம் நாட்டில் மூன்று பகை: மழை, வியர்வை, பூஞ்சணம். மாலை மழையில் நனைந்த உறையைச் சூடான புகைபோக்கிக் குழாயின் மீது காயவைப்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறோம். அடுப்போரமும் உச்சி வெயிலும் அதற்கு இளைத்தவையல்ல. தோல் சுருங்கி, விறைத்து, விரல் மடிப்பில் வெடித்துவிடும். வெடித்த தோல் சாலையில் கிழியும். நனைந்ததைப் பிழியாமல், துணியால் ஒற்றி, உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, நிழலில் காற்றாட வையுங்கள். தாள் ஈரமானால் மாற்றுங்கள். முக்கால்வாசி காய்ந்தபின் ஒருமுறை கையில் மாட்டி விரல்களை மடக்கி நீட்டினால் உருவம் கெடாது.

வியர்வையின் உப்பு தோலை உள்ளிருந்தே கடினமாக்குகிறது. ஆகவே வேலை முடிந்ததும் கையைக் கழுவித் துடைத்துவிட்டு உறை அணியுங்கள். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் உள்ளும் புறமும் துடைத்தால் போதும். துணி துவைக்கும் தூளும், மண்ணெண்ணெயும், பெட்ரோலும் தோலின் எண்ணெய்ப் பசையை உறிஞ்சிவிடும், அவை வேண்டாம். தோலுக்கென விற்கப்படும் பசையை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மிகக் கொஞ்சம் தேய்த்தால் மென்மை நிற்கும். உள்ளங்கையில் அதிகம் பூசினால் கைப்பிடி வழுக்கும். பால் சிந்திப் பட்டுவிட்டால் ஈரத்தோடு தேய்த்துப் பரப்ப வேண்டாம். உலரவிட்டு, ஒட்டுப்பாலை உரிப்பது போல விரலால் உருட்டி எடுத்துவிடலாம். இது நமக்குப் பழக்கமான வேலைதான். ஈர உறையை இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டியில் வைத்து மூடினால் இரண்டு நாளில் பூஞ்சணம் பூக்கும். பூத்ததை வெளியில் கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விடுக.

சில உறைகளின் சுட்டுவிரல் நுனியில் கைப்பேசித் திரையைத் தொடுவதற்கென ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். வண்டியை ஓரம் நிறுத்திய பின்னர் பயன்படுத்துவதற்காக அது வைக்கப்பட்டது என்று கொள்வோம்.

உறை எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்பீர்கள். நாளுக்குக் கணக்கில்லை, தையலைப் பாருங்கள். உள்ளங்கைத் தையல் ஓரிடத்தில் விட்டாலும், பட்டை பிடிக்காமல் போனாலும், தோல் மெலிந்து அடியில் உள்ள துணி தெரிந்தாலும் அதன் சாலைப் பணி முடிந்தது. ஒருமுறை விழுந்து உராய்ந்த உறை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், தன் கடனை ஆற்றிவிட்டது. பழைய உறையை விறகு அடுக்கவும் முள் வெட்டவும் வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் எடுத்து மோட்டார்சைக்கிளில் அணிந்து செல்லாதபடி அதன் மணிக்கட்டுப் பட்டையை வெட்டிவிடுங்கள்.