பதிவேட்டில் ஒரு பாய்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



மலேசியாவுல ஆர்டர் பிடிச்ச கதையைத் தலைவி அக்கா சொல்லிட்டாங்க. நான் ரயில் மாறி ஏறின கதையைச் சொல்றேன்.

2023 டிசம்பர்ல இருந்து நம்ம நாட்டுக்காரங்க மலேசியா போக விசா வேண்டாம்னு ஆச்சு. அடுத்த வருஷமே கூட்டமைப்புல கடன் போட்டு, வந்தவாசிக் கோரைப்பாய் மாதிரிகளைக் கட்டிக்கிட்டு நாங்க ரெண்டு பேரும் கிளம்பினோம். கிள்ளான் ஊர்ல ஒரு தமிழ்க் கடைக்காரர் காலை 11 மணிக்கு வரச் சொல்லியிருந்தார்.

கேஎல் சென்ட்ரல் நிலையத்துல ரயில் வந்து நின்னுச்சு. அங்க நடுவுல பெண்களுக்குன்னு தனிப் பெட்டி உண்டு. அக்கா பின்னாடியே வர்றாங்கன்னு நினைச்சுப் பாய்க்கட்டோட அதுல ஏறிட்டேன். கதவு சாத்திடுச்சு. அக்கா வெளியில. பர்ஸ், அந்த ஊர் சிம் போட்ட போன் எல்லாம் அவங்க கையில. அதுக்கும் மேல, அந்த ரயில் கிள்ளானுக்கே போகாது. சிரம்பான் பக்கம் போற ரயில்.

எதிர் சீட்டுல முக்காடு போட்ட ஒரு மலாய் அம்மா. துப்புரவு வேலைக்குப் போற சீருடை. "கிள்ளான், கடை, கடை"ன்னு அழுதேன். அவங்க "கெடாய்?"ன்னாங்க. நம்ம கடைதான் அவங்க மொழியில கெடாய். கப்பலும் பெட்டியும்கூட அங்க நம்ம சொல்தானாம். அந்த ஒரு சொல்லை வெச்சு நாங்க பேசினோம்.

கடைக்காரரோட கார்டை வாங்கி, தன் போன்ல இருந்து கூப்பிட்டாங்க. அவர் அக்காவுக்குச் சொன்னார். காஜாங் நிலையத்துல என்னோட சேர்ந்து அவங்களும் இறங்கினாங்க. வாட்சைக் காட்டி, நீங்க வேலைக்குப் போங்கம்மான்னு சைகை பண்ணினேன். தலையை ஆட்டிட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. திரும்புற ரயிலுக்குக் காத்திருந்தப்போ பாயோட ஓரத்தைத் தடவிப் பார்த்து, பின்னுற மாதிரி விரலை ஆட்டி, "மெங்குவாங்"ன்னாங்க. தாழை இனத்து ஓலையில அங்க பின்னுற பாயைச் சொன்னாங்கன்னு அப்புறம் கடைக்காரர்தான் விளக்கினார்.

கேஎல் சென்ட்ரல் வரைக்கும் கொண்டுவந்து விட்டாங்க. அக்கா பணம் நீட்டினாங்க, வாங்கல. ஒரு பாயைக் கொடுத்தேன். பார்த்தாங்க, திரும்பக் கட்டுல வெச்சுத் தட்டினாங்க, "கெடாய்"ன்னு சொல்லிட்டு ஓடிட்டாங்க. கடைக்குக் காட்ட வேணுமில்லையான்னு அர்த்தம். பேர்கூடக் கேட்கல நான். அன்னிக்கு அவங்க கூலியில எவ்வளவு பிடிச்சாங்களோ.

ஊர் திரும்பி முதல் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம். செங்கம் சாலையில நம்ம கடையில ஒரு வெளிநாட்டு அம்மா பாய் விலை கேட்டாங்க. 350 ரூபாய் பாயை அவங்களுக்கு 900-ன்னு சொல்றது நம்ம வழக்கம். ஒளிக்க என்ன இருக்கு, வருஷக்கணக்கா நானே சொல்லியிருக்கேன். அன்னிக்கு வாய் வரல. 350 வாங்கினேன்.

மாதக் கூட்டத்துல, எல்லாருக்கும் ஒரே விலை ஒட்டணும்னு கேட்டேன். ஒரு தங்கச்சி எழுந்து, "அவங்க காசுக்கு அது டீ விலை. அந்த லாபத்துலதான் என் பொண்ணு காலேஜ் ஃபீஸுக்கு உள்கடன் கிடைச்சுது. இனிமே யார் கொடுப்பா?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியல, இன்னைக்கும் தெரியல. ரெண்டு ஓட்டு வித்தியாசத்துல தீர்மானம் நிறைவேறுச்சு. கடை லாபம் குறைஞ்சுது, இன்னும் பழைய அளவுக்கு ஏறல. அதுக்கு என்னைத் திட்டுறவங்க இந்தப் பந்தல்லயே இருக்காங்க. திட்டட்டும்.

போன தணிக்கையில, இருப்புல ஒரு பாய் மட்டும் ஏன் விக்காமலே நிக்குதுன்னு கேட்டாங்க. பதிவேட்டுல "மலேசியா அம்மா"ன்னு எழுதியிருக்கு. அதுக்கு நான் பணம் கட்டிட்டேன், ரசீது இருக்கு. பூச்சி பிடிக்காம மாசம் ஒரு தடவை வெயில்ல போடுறேன். என்னிக்காவது தீபம் பார்க்க அவங்க இங்க வந்தா, எடுத்துக் கொடுத்துடுங்க.