புகைப் பழக்கமும் மன அழுத்தமும்

புகைபிடிப்போரில் பலர் அதனைக் கைவிட விரும்புகின்றனர். முயன்றோரில் பெரும்பாலோர் மீண்டும் தொடங்கிவிடுகின்றனர். மன உறுதியின்மையே இதற்குக் காரணம் எனக் கூறுவது எளிது. ஆயின் அது முழு உண்மையாகாது.

2016-17ஆம் ஆண்டின் தேசிய அளவிலான ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் 10.7 விழுக்காட்டினர் பீடி, சிகரெட் போன்றவற்றைப் புகைத்து வந்தனர். புகையிலுள்ள நிகோட்டின் சில நொடிகளில் மூளையை எட்டுகிறது. அதன் அளவு குறையும்போது எரிச்சலும் பதற்றமும் தோன்றுகின்றன. அடுத்த பீடி அவற்றைத் தணிக்கவே, அலுவலகக் கவலையும் குடும்பக் கவலையும் தணிந்தனவாக மனம் நம்பிவிடுகிறது. புதுக் கடன் வாங்கிப் பழைய வட்டியைக் கட்டுவோரின் நிலை இது: அன்றைய நெருக்கடி தீரும், கடனோ வளரும்.

பழக்கத்தை விட்ட முதல் சில நாட்களே மிகக் கடினமானவை. சில வாரங்களில் தொல்லைகள் பெரிதும் தணியும். வேட்கை எழுந்தாலும் பெரும்பாலும் சில நிமிடங்களே நீடிக்கும். அந்நேரத்தில் தண்ணீர் பருகலாம், சற்று நடக்கலாம், மெல்ல மூச்சை இழுத்து விடலாம். புகைக்கத் தூண்டும் தேநீர்க் கடைச் சந்திப்புகளைச் சிறிது காலம் தவிர்க்கலாம். தேவைப்படின், மருத்துவரின் அறிவுரைப்படி நிகோட்டின் மாற்றுப் பொருள்களையும் பயன்படுத்தலாம்.

பொது இடங்களில் புகைத்தலைத் தடுக்கும் விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ளன. எனினும், தடைப் பலகையை மாட்டியதோடு ஓர் அலுவலகத்தின் கடமை முடிந்துவிடாது. விட முயலும் ஊழியர் ஒருமுறை தவறினால் அவரை ஏளனம் செய்யாது, மறுமுறை முயலத் துணை நிற்பதே உடன் பணியாற்றுவோர் செய்யத்தக்க உதவியாகும்.