கரையோரக் கம்பி வடங்கள்

மாடிக் கட்டடங்களைத் திருத்தும்போது பெயர்க்கப்படும் கல், ஓடு, சாந்து ஆகியவற்றைக் கீழே இறக்குவதற்கு, ஒன்றினுள் ஒன்று செருகிய குழாய்த் துண்டுகள் தொங்கவிடப்படுகின்றன. அவற்றின் எடையையும், நடுவில் அடைத்துக்கொள்ளும் இடிபாட்டின் எடையையும் சங்கிலிகளோ கம்பி வடங்களோ தாங்குகின்றன. கம்பி வடம் என்பது மெல்லிய உருக்குக் கம்பிகளைப் புரிகளாக்கி, அப்புரிகளை மீண்டும் சேர்த்து முறுக்கியதாகும். 1834இல் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் இதனைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்.

இலங்கையின் வடமேல் மாகாணத்திலுள்ள முன்னேஸ்வரம், சிலாபம் போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்றின் ஈரம் புரிகளுக்கிடையே புகுந்து, வெளிப்புறம் நன்றாகத் தோன்றும்போதே உள்ளே துருவேற்றுவதால், மேலோட்டமான பார்வை போதாது. ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன், சுமையை நீக்கி, துணியால் வடத்தைத் துடைத்துக்கொண்டே சென்றால், அறுந்த கம்பியின் முனை துணியில் சிக்கிக் காட்டிக்கொடுக்கும். வெறுங்கையால் தடவுதல் கூடாது. நசுங்கல், மடிப்பு, ஓரிடத்தில் மட்டும் மெலிந்த விட்டம் ஆகியவையும் ஆபத்தின் அறிகுறிகளே. வட முனையை மடித்துப் பூட்டும் கவ்வியின் வளைகம்பி, சுமை தாங்காத குறு முனையின்மேல் அமைய வேண்டும். மாற்றிப் பூட்டினால் சுமை தாங்கும் பக்கமே நசுங்கும். மிகச் சாதாரணமாக நிகழும் இத்தவறு மிகக் கொடியது.

வடம் அறுந்தால் நேரும் விளைவுக்கு ஓர் எடுத்துக்காட்டு: 2025 செப்டம்பர் 24 அன்று, இதே வடமேல் மாகாணத்தின் மெல்சிரிபுரவில், நா உயன ஆரண்யம் என்னும் பௌத்த மடாலயத்தின் கம்பி வட வண்டி, வடம் அறுந்து சரிந்ததில் பிக்குகள் பலர் உயிரிழந்தனர்.

ஐயத்துக்குரிய வடத்தை வேறொரு வேலைக்கென எடுத்துவைக்காமல், அன்றே வெட்டி அகற்றிவிடுங்கள்.