மோட்டார் இன்ஷூரன்ஸ் எதுவரை?

சாலையில் இரண்டு கார்கள் மோதிக்கொள்கின்றன. ஆட்களுக்குக் காயமில்லை, வண்டிகளுக்குத்தான் சேதம். கூடிநிற்பவர்களில் எவரேனும் ஒருவர், "கவலை எதற்கு? இன்ஷூரன்ஸ் இருக்கிறதல்லவா?" என்று தேற்றுவார். அந்த ஆறுதல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதே இன்றைய பேச்சின் பொருள். மாணவ நேயர்களே, உங்களிற் பலர் இன்னும் சில ஆண்டுகளில் வண்டி வாங்குவீர்கள். பாலிசியைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுபவர் நம்மிடையே மிகச் சிலரே.

மோட்டார் பாலிசி இருவகை வாக்குறுதிகளைத் தரக்கூடும். நம் வண்டியால் பிறருக்கு நேரும் தீங்கிற்கு ஈடு செய்வது ஒன்று; நம் வண்டிக்கே நேரும் சேதத்தை ஈடு செய்வது மற்றொன்று. சட்டம் கட்டாயப்படுத்துவது முன்னதை மட்டுமே. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டத்தில் இடம்பெற்ற இக்கட்டாயம் 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் அதனைத் தொடர்ந்தது. எனவே, சட்டத்திற்காக மட்டும் பாலிசி எடுத்தவருக்கு, கார் அப்பளம்போல் நொறுங்கினாலும் தம் கம்பெனியிடமிருந்து ஒரு காசும் வாராது. எதிர்வண்டிக்காரரின் தவறு என்று மெய்ப்பித்தால், அவருடைய கம்பெனியிடம் கேட்கலாம்; அவ்வளவே.

முன்பின் அறியாத வழிப்போக்கரிடம் சட்டம் காட்டும் பரிவு பெரிது. உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்கும் தீர்ப்பாயம் விதிக்கும் தொகைக்கு உச்சவரம்பு இல்லை. பொருட்சேதத்திற்கு மட்டும் தனியார் கார்களின் பாலிசியில் வழக்கமாக 7,50,000 ரூபாய் என்ற வரம்பு உண்டு. ஓட்டியவரிடம் முறையான லைசென்ஸ் இல்லாதபோதும், அடிபட்டவருக்குக் கம்பெனி முதலில் பணம் கொடுத்துவிட்டு, பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி பணிக்கலாம் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. வண்டியை வாங்கித் தெருவில் இறக்கியவர் நாம். அடிபட்டவரோ தம் வழியே நடந்தவர். ஆதலின் இம்முறை நியாயமே என்பது என் கருத்து.

நம் சொந்த வண்டிக்கு மட்டும் கம்பெனி அளந்தே கொடுக்கும். இழந்ததற்கு ஈடு என்பதுதான் இன்ஷூரன்ஸின் அடிப்படை. பழையதைக் கொடுத்துப் புதியது பெறுவது அன்று. மூன்றரை ஆண்டு ஓடிய கார் ஒன்றின் முன்பக்கம் நசுங்கியது என வைத்துக்கொள்வோம். உலோகத் தகடுகளுக்கு 20,000 ரூபாய், பம்பர் முதலிய பிளாஸ்டிக் பாகங்களுக்கு 12,000, முன்கண்ணாடிக்கு 8,000, கூலி 6,000. ஆக மொத்தம் 46,000. 2002-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் டாரிஃப் வகுத்த அட்டவணைப்படி, அவ்வயதுடைய வண்டியின் உலோகப் பாகங்களில் நூற்றுக்கு 25 தேய்மானம் கழியும். பிளாஸ்டிக்கிலும் ரப்பரிலும், வண்டியின் வயது எதுவாயினும், பாதி போய்விடும். கண்ணாடிக்குக் கழிவில்லை. இவ்வகையில் 11,000 குறையும். ஒவ்வொரு விபத்திலும் உரிமையாளரே ஏற்கவேண்டிய முதற்பங்கு 1,000 எனின், கைக்கு வருவது 34,000. எஞ்சிய 12,000 நம் தலையில் விழும். கூடுதல் பிரீமியம் கட்டினால் தேய்மானம் கழிக்காத பாலிசியும் கிடைக்கும்; அதற்கும் நிபந்தனைகள் உண்டு.

வண்டி முற்றிலும் சிதைந்தால் கணக்கு வேறு. புதிதாக 8,00,000 ரூபாய் விலையுள்ள கார், பாலிசி தொடங்கும்போது மூன்றாண்டு கடந்திருந்தால், நூற்றுக்கு 40 குறைத்து 4,80,000 என்று மதிப்பிடப்படும். பழுதுபார்க்கும் செலவு அதில் முக்கால் பங்கை, அதாவது 3,60,000 ரூபாயைத் தாண்டினால், அது முழு இழப்பு எனக் கருதப்படும். அப்போதும் 4,80,000-க்கு மேல் எதிர்பார்ப்பதற்கில்லை. வங்கிக் கடனில் வாங்கிய காராயின் தொகை முதலில் வங்கிக்கே செல்லும். கடன் பாக்கி அதனினும் மிகுதியாயின், இல்லாத காருக்குத் தவணை கட்டும் நிலைதான்.

குடித்துவிட்டு ஓட்டினாலும், சொந்த உபயோகத்திற்கென்று காட்டிய காரை வாடகைக்கு விட்டாலும் சொந்தச் சேதத்திற்கு ஈடு கிடைக்காது. இவற்றைப் பலர் அறிவர். அறியாதது ஒன்றுண்டு. பாறையில் இடித்து எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி உடைகிறது. "வீடு பக்கந்தானே" என்று ஓட்டிச் செல்கிறார் உரிமையாளர். எண்ணெய் முழுதும் ஒழுகி எஞ்சின் இறுகி நின்றுவிடுகிறது. தொட்டி உடைந்தது விபத்து. அதற்குக் கம்பெனி பணம் தரும். பழுதுபார்க்காமல் ஓட்டியதால் விளைந்த மேற்சேதம் உரிமையாளரையே சேரும் என்று பாலிசியின் நிபந்தனை கூறுகிறது. அந்த எஞ்சினுக்கு ஈடு இல்லை.