அலமாரியின் பூட்டைத் திறக்கச் சொல்லுங்கள்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றிப் பேச வேண்டியவன் கதைப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். இதுவும் நம் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய பங்கைப் பற்றிய பேச்சுதான்.

நான் படித்த பள்ளியில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. உள்ளே நிறையப் புத்தகங்கள். வெளியே பெரிய பூட்டு. ஐந்து வருஷம் கண்ணாடி வழியாகவே பார்த்தேன். அட்டையில் இருந்த பெயர்கள் இன்றும் மனப்பாடம். உள்ளே என்ன எழுதியிருந்தது என்பது தெரியாது.

வாத்தியாரை நான் குறை சொல்லவில்லை. பாடமும் நடத்தி, நூலகத்தையும் அவரே பார்க்க வேண்டும். ஒரு புத்தகம் தொலைந்தால் தன் தலையில் விழுமே என்று அவருக்குப் பயம். புத்தகம் கிழியாமல் இருந்தது. பிள்ளைகள்தான் படிக்காமல் போனோம்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணக்கு ஆசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக் கழக நூலகர் ஆனவர். 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்து வெளியிட்டார். புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, எடுத்துப் படிப்பதற்கே என்பதுதான் முதல் விதியின் சாரம். அதே 1931-ல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். வாசகன் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. வண்டி வாசகனைத் தேடிப் போயிற்று.

பள்ளி நூலகரின் வேலையும் அதுதான். ஆடு மேய்க்கிற பிள்ளைக்கு மிருகக் கதை, பந்து விளையாடுகிறவனுக்கு விளையாட்டு வீரன் கதை என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். கதையை உரக்கப் படித்து, ருசியான இடத்தில் நிறுத்தி, “மீதியை நீ படி” என்று கையில் தர வேண்டும். கேள்வி கேட்டு மார்க் போடக் கூடாது. பிடிக்காவிட்டால் பாதியில் வைத்துவிட்டு வேறு எடுக்கட்டும். சந்தோஷமாகப் படிக்கிறவன்தான் மேலும் படிப்பான்.

வசதியுள்ளவன் வீட்டில் அலமாரி உண்டு. நம் பிள்ளைக்குப் பள்ளி அலமாரியை விட்டால் வேறு அலமாரி ஏது?

ஆகவே, பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள்: பூட்டைத் திறக்க வேண்டும். புத்தகத்தை வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். படித்துப் படித்துக் கிழிந்ததைக் கணக்கில் கழிக்க வேண்டும். வாத்தியார் தலையில் கட்டக் கூடாது. நூலகத்துக்கென்று தனி ஆள் போட வேண்டும்.

வீட்டில் நீங்களும் ஒன்று செய்யுங்கள். ராத்திரி பிள்ளையைக் கூப்பிட்டு, “இன்றைக்கு என்ன கதை கொண்டுவந்தாய்? படி, கேட்கிறேன்” என்று சொல்லுங்கள். எழுத்துத் தெரியாத தாயும் இதைச் சொல்லலாம்.